நாத்தனார் வீட்டு அலமாரி

செவித்திறன் மையத்தில் கணினிகளைக் கவனித்துக்கொண்ட அவளை எல்லாரும் 'டப்பாக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் சர்வரில் உள்ள பதிவுகளை எல்லாம் ஒரு ஹார்ட் டிஸ்கில் நகலெடுப்பாள். எடுத்ததோடு விடமாட்டாள், நாலைந்து கோப்புகளைத் திறந்தும் பார்ப்பாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படிப் பார்க்காமல், வெறும் டிஸ்கை மாதக்கணக்கில் பூட்டிக் காத்தவள் அவள். சூடு கண்ட பூனை. பிறகு டிஸ்கைத் துண்டில் சுற்றி, இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, சனிக்கிழமை இரண்டு பஸ் மாறி நாத்தனார் வீட்டில் கொண்டுபோய் வைப்பாள். அங்கிருக்கும் போன வார டிஸ்கை எடுத்துக்கொண்டு திரும்புவாள்.

"ஒரே கட்டடத்துல ரெண்டு நகல் இருந்தா, அது ஒண்ணுதான் சார்" என்று மேலாளரிடம் சொல்லிப் பார்த்தாள். வேறு இடம் பார்த்துக் கொடுக்க அவருக்கு நேரம் வரவே இல்லை.

நாத்தனாருக்கும் தம்பி பெண்டாட்டிக்கும் ஆகாது என்பது ஊர்ப்பேச்சு. ஆனால் டிஸ்க் வைக்க இவள் இடம் கேட்டபோது, தையல் கூடத்தில் காஜா போடும் அந்த அம்மாள், இது என்ன ஏது என்றுகூடக் கேட்கவில்லை. துணி அலமாரியில் நடுத்தட்டை ஒழித்துக் கொடுத்து, "தண்ணி படக்கூடாது, அவ்வளவுதானே?" என்றார். பதினோரு வருஷம் அந்தத் தட்டில் வேறு எதையும் வைக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மையத்தின் சர்வர் அறையில் ஏசி தீப்பிடித்தது. திங்கள் காலை அவள் கதவைத் திறந்தபோது சர்வரும், பக்கத்து மேசையிலிருந்த நகல் கணினியும், சனிக்கிழமை அவள் எடுத்து வந்த போன வார டிஸ்கும் கரிக்கட்டையாகக் கிடந்தன. மேலாளர் தன் அறை நாற்காலியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வெளியே ஒரு தாய் ஆறு வயது மகளோடு காத்திருந்தாள். குழந்தையின் காதுக் கருவி பத்து நாள் முன்பு ஆற்றில் விழுந்துவிட்டது. புதுக் கருவி வந்தாயிற்று. ஆனால் எந்த ஓசையைக் கூட்ட வேண்டும், எதைக் குறைக்க வேண்டும் என்று இரண்டு வருஷமாகப் பார்த்துப் பார்த்துச் சரிசெய்த அளவெல்லாம் சர்வரில்தான் இருந்தது.

டப்பாக்கா போனை எடுத்தாள். "அண்ணி, இங்க எல்லாம் எரிஞ்சு போச்சு. அந்த டிஸ்க்…"

"நீ வராதே, அங்கேயே இரு. நான் எடுத்துட்டு வரேன்."

வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடி, ஒன்றேகால் மணி நேரத்தில் வந்து நின்றார் நாத்தனார். புடவையில் நூல் துணுக்குகள். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் உட்காரவில்லையாம். "பக்கத்துல யாராவது உக்காந்து இடிச்சிட்டா? நெஞ்சோட அணைச்சுக்கிட்டு ஓரமா நின்னுட்டேன்."

எரியாத ஒரு கணினியில் டப்பாக்கா டிஸ்கைச் செருகினாள். கோப்பு திறந்தது. முதலில் அந்தக் குழந்தையின் அளவுகளைத்தான் எடுத்தாள். செவி நிபுணர் கருவியில் அவற்றை ஏற்றிக் காதில் பொருத்தினார். இத்தனை வருஷத்தில் அன்றுதான் டப்பாக்கா அந்த அறைக்குள் நின்று பார்த்தாள்.

"கண்ணு, கேக்குதா? அம்மா பேசறது கேக்குதா?" என்றாள் தாய்.

குழந்தை முகம் சுளித்தது. "ஏம்மா கத்தறே?"

பத்து நாளாக உரக்கப் பேசிப் பழகிய தாய் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். டப்பாக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. "எனக்கில்லம்மா, நன்றிய இவங்களுக்குச் சொல்லுங்க" என்று அவள் நாத்தனாரை முன்னே இழுத்தாள். அவரோ கூச்சத்தில் புடவையில் ஒட்டிய நூலைப் பொறுக்கத் தொடங்கிவிட்டார்.

மற்ற பதிவுகள் மூன்று நாளில் திரும்பி வந்தன. சனிக்கிழமை பரிசோதித்த நாலு பிள்ளைகளின் விவரம் மட்டும் போனது போனதுதான். அந்த நாலு வீட்டுக்கும் அவளே போன் செய்து மன்னிப்புக் கேட்டாள்.

மறுமாதம் மேலாளர் தீப்பிடிக்காத பெட்டகம் ஒன்றை வேறொரு கட்டடத்தில் ஏற்பாடு செய்தார். அதைச் சொல்ல டப்பாக்கா நாத்தனார் வீட்டுக்குப் போனாள்.

"அப்ப சனிக்கிழமை நீ வரமாட்டியா?" என்றார் நாத்தனார்.

"வருவேன் அண்ணி. வெறுங்கையோட வருவேன்" என்றவள், அவரைக் கட்டிக்கொண்டாள்.