கார்டு வீட்டுக்கு வந்த ஒரு நாள்

என் வீட்டுக்காரரோட பேங்க் கார்டு ரெண்டு வருஷத்துக்கு மேல எங்க வீட்டுல இல்ல. வட்டிக்குக் குடுக்குற அண்ணன்கிட்ட இருந்துச்சு. மூவாயிரம் வெள்ளி, அதான் ரிங்கிட், கடன் வாங்கினப்போ கார்டை அவர் கையில குடுத்தோம், மெஷின்ல அடிக்கிற நம்பரையும் சொன்னோம். அந்த நம்பர் எங்க மக பொறந்த தேதி. பெத்தவ எனக்கே வேலை மும்முரத்துல ஒரு வருஷம் மறந்து போச்சு, அண்ணனுக்கு மறக்காது. "மகளுக்கு அடுத்த வாரம் பொறந்தநாள்லா, தங்கச்சி"ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்வாரு.

சம்பள நாள் காலையில பேங்க் வாசல்ல எங்கள மாதிரி ஒரு கூட்டமே நிக்கும். அண்ணன் சட்டைப் பையிலேர்ந்து ரப்பர் பேண்ட் போட்ட கார்டுக் கட்டை எடுப்பாரு. ஒவ்வொண்ணா மெஷின்ல விட்டு, காசை எடுத்து, வட்டியக் கழிச்சுக்கிட்டு மீதியக் கையில குடுப்பாரு. எங்களுக்கு மாசம் முந்நூறு வெள்ளி வட்டி. ஏமாத்த மாட்டாரு, அதுவும் ஒரு கொடுமை, திட்டுறதுக்குக்கூட வழியில்ல. அவரோட அப்பா பத்து காஜாங்குற ஊர்ப் பக்கம் நாங்க இருந்த தோட்டத்துல மளிகைக் கடை வச்சிருந்தவரு. அப்போ அது ரப்பர், இப்போ பூரா எண்ணெய் எடுக்குற செம்பனை. சம்பள நாள்ல அந்தக் கடைக்காரரு தோட்டத்து ஆபீஸ் வாசல்ல நின்னு பாக்கிய வாங்கிக்கிட்டுதான் எங்க அப்பாவ வீட்டுக்கு விடுவாரு. தோட்டத்த விட்டு ஈப்போவுக்கு வந்து ஃப்ளாட்டுல ஏறினோம்னு பேரு. வேற வாசல்ல நிக்கிறோம், அவ்வளவுதான்.

வீட்டுக்காரருக்கு ஒரு தாமான் குடியிருப்பு கேட்டுல ஜாகா வேலை, காவலுக்கு நிக்கிறது. ஓவர்டைம் காசை ரொம்ப மாசமா குடுக்காம இழுத்தடிச்ச கம்பெனி, ஒரு நாள் திடீர்னு எல்லா பாக்கியையும் அடுத்த சம்பளத்தோட போட்டுடுறோம்னு சொல்லிடுச்சு. ஆயிரத்து அறுநூறு வெள்ளி. அன்னைக்கு அவரு படியேறி வந்தப்போ மூஞ்சியில ஒரு வெளிச்சம். எனக்கும்தான். அந்த வெளிச்சம் சோறு போட்டு முடிக்கிற வரைக்கும் இருந்துச்சு, அப்புறம் சண்டை ஆரம்பிச்சுட்டோம்.

அவருக்கு மொத்தமும் கடனுக்குப் போகணும். "கடன் முதல்ல பாதி கொறைஞ்சா வட்டியும் பாதியாயிடும். அந்தக் கார்டு என் கையில இல்லாம நான் மனுஷனே இல்ல"ம்பாரு. எனக்கு ஐஸ் பெட்டி வேணும். ஐஸ் வாட்டர் குடிக்கிறதுக்குன்னு இல்ல. அவருக்கு இனிப்பு நீர் வியாதி, காலையும் சாயங்காலமும் ஊசி. அந்த மருந்து குளிர்ச்சியில இருக்கணும். எங்க ஐஸ் பெட்டி செத்துப் போயி மாசக்கணக்காச்சு, அதுல இப்போ அரிசியும் வெங்காயமும்தான் இருக்கு. மருந்து எதிர்வீட்டு அக்காவோட ஐஸ் பெட்டியில இருந்துச்சு. அவரு போயி கதவத் தட்டி எடுத்து, போட்டுக்கிட்டு, திரும்ப வச்சுட்டு வருவாரு. அந்த அக்கா வீட்டைக் காலி பண்ணிட்டு மகளோட பாகான் செராய்க்குப் போறாங்க, அதுவும் அந்த மாசக் கடைசியிலேயே.

எங்க வீடு மேல் மாடி. மத்தியானத்துல சுவத்துல கை வைக்க முடியாது. சூட்டுல அந்த மருந்து கெட்டுப் போனா பார்த்தாலும் தெரியாதுன்னு கிளினிக்ல நர்ஸ் மிஸ்ஸி சொல்லியிருக்காங்க. அவரு கால் பெருவிரல்ல வேற ஒரு புண்ணு, ஆறவே மாட்டேங்குது. பூட்ஸ் கடிச்சதுன்னாரு. நானும் அந்த பூட்ஸைத்தான் கரிச்சுக் கொட்டிக்கிட்டு இருந்தேன். எங்க மாமனாருக்கு இப்படித்தான் விரல்ல ஆரம்பிச்சு முட்டி வரைக்கும் எடுத்தாங்க. அத நெனைச்சா எனக்குச் சோறு எறங்காது.

ஒரு வாரம் பேசினோம். பேசினோம்னு மரியாதையா சொல்றேன். நான் சட்டியைப் போட்டு ஒடைச்சேன், அவரு சாப்பிடாம வேலைக்குப் போனாரு. கடைசியில ஒரு முடிவுக்கு வந்தோம். நானூத்து அம்பதுல பழைய ஐஸ் பெட்டி ஒண்ணு, கடைக்காரன்கிட்ட பேசி வச்சிருந்தேன். லைட்டு பில் நூத்தம்பது. மிச்சம் ஆயிரம் கடனுக்கு, அதுல வட்டி மாசம் நூறு வெள்ளி கொறையும். ரெண்டு பேருக்கும் முழு திருப்தி இல்ல. ஆனா அன்னைக்குத்தான் ரொம்ப நாளைக்கப்புறம் ஒண்ணா உக்காந்து சாப்பிட்டோம்.

சம்பள நாள் வந்துச்சு. நானும் கடைக்கு லீவு சொல்லிட்டு அவரோட போனேன். நான் ஒரு சாப்பாட்டுக் கடை சமையல்கட்டுல வேலை, லீவு போட்டா அன்னைக்குக் காசு இல்ல. பரவாயில்லன்னு போனேன். அண்ணன் கார்டை விட்டாரு, மெஷின்ல தெரிஞ்ச கணக்கப் பார்த்து புருவத்தத் தூக்கினாரு. சம்பளமும் பாக்கியும் சேர்ந்து மூவாயிரத்து முந்நூறு. வீட்டுக்காரர் தொண்டையச் செருமிக்கிட்டு, "அண்ணே, இந்த மாச வட்டியோட முதல்லயும் ஒரு ஆயிரம் கழிச்சுக்குங்க"ன்னாரு.

"முதலைப் பிச்சுப் பிச்சு வாங்குற பழக்கம் நம்மகிட்ட இல்ல, தம்பி. மொத்தமா குடு, இல்லன்னா வட்டிய மட்டும் குடு."

இது எங்களுக்குத் தெரியாதது இல்ல. எல்லாருக்கும் அவரு அப்படித்தான். ஒரே தோட்டத்துக்காரரு, நமக்கு விட்டுக் குடுப்பாருன்னு நெனைச்சோம் பாருங்க, அதான் எங்க புத்தி. ஒரு வாரம் சட்டிய ஒடைச்சுப் பிரிச்ச கணக்கு அவரு ஒரே வார்த்தையில அழிஞ்சு போச்சு.

அப்புறம்தான் அவரு அந்த வார்த்தைய சொன்னாரு. "இன்னைக்கே மூவாயிரத்தையும் முடிச்சிடு. இந்த மாச வட்டி எனக்கு வேணாம். கார்டை எடுத்துட்டுப் போ." சொல்லிட்டு எங்க கார்டை மட்டும் ரெண்டு விரல்ல நீட்டிப் பிடிச்சாரு. பின்னால வரிசையில நின்னவங்க எல்லாம் பார்த்தாங்க. வீட்டுக்காரர் அந்தக் கார்டையே பார்த்துக்கிட்டு நின்னாரு. மூணு நாள் பட்டினி கெடந்தவன் சோத்தப் பார்க்குற மாதிரி பார்த்தாரு.

நான் அவர் கையப் பிடிச்சேன். "வீட்டுக்கு முந்நூறு வெள்ளிதான் மிஞ்சும். ஐஸ் பெட்டி?"ன்னேன்.

"அடுத்த மாசம் வாங்கிக்கலாம். அடுத்த மாசம் நம்ம சம்பளம் நம்மகிட்ட முழுசா வரும். யோசிச்சுப் பாரு." அவரு குரல் நடுங்குச்சு. அந்தக் குரலைக் கேட்டு நான் கைய விட்டுட்டேன். நியாயமும் அவர் பக்கம்தான் இருந்துச்சு. ஒரு மாசம்தானே, ஐஸ் வாங்கிப் போட்டு எப்படியாவது சமாளிக்கலாம்னு நெனைச்சேன்.

வீட்டுக்கு வந்ததும் கார்டை சாமி மேடையில திருநீறு தட்டு மேல வச்சு சூடம் கொளுத்தினாரு. அப்புறம் யூனிஃபார்மை மாட்டிக்கிட்டு விசிலடிச்சுக்கிட்டே வேலைக்குப் போனாரு. அவரு விசிலடிச்சு நான் கேட்டு எத்தனையோ வருஷம் ஆச்சு.

மத்தியானம் எதிர்வீட்டு அக்கா லோரியில சாமான் ஏத்திட்டு, கடைசியா ஒரு ஐஸ்கிரீம் டப்பாவக் கொண்டு வந்து குடுத்தாங்க. "தம்பியோட மருந்து, கண்ணு. பத்திரம்." தொறந்து பார்த்தேன். அடுத்த வாரம் கிளினிக்ல புது மருந்து எடுக்குற தேதி. மருந்துக் குப்பி ஒண்ணோ ரெண்டோதான் மிச்சம் இருக்கணும். டப்பா நெறைய கெடந்துச்சு, பாதிக்கு மேல பிரிக்கவே இல்ல.

"என்னக்கா இவ்வளவு இருக்கு?"

"தம்பி சாயங்காலம் வர்றதில்லயே, ரொம்ப நாளா. காலையிலயும் சில நாள்தான். கிளினிக்ல மாத்திட்டாங்கன்னுல்ல நெனைச்சேன்."

தெனமும் வேலை முடிஞ்சு வந்ததும் நான் கேக்குறது ஒண்ணுதான், ஊசி போட்டாச்சான்னு. போட்டாச்சும்பாரு. புண்ணு பூட்ஸ் கடிச்சது இல்ல. கீழ கடையில ஐஸ் வாங்கிட்டு வந்து, டப்பாவத் துண்டுல சுத்தி, வாளியில வச்சேன். சாயங்காலத்துக்குள்ள அது தண்ணியாப் போச்சு, மறுபடி வாங்கிட்டு வந்து போட்டேன்.

அவரு வந்ததும் டப்பாவ மேசை மேல வச்சேன். பார்த்தாரு. அப்படியே உக்காந்துட்டாரு.

"அந்த அக்காவோட மருமகன் வந்து இருப்பாரு லா. நடு வீட்டுல உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருப்பாங்க. தெனமும் ரெண்டு தடவ எப்படிப் போயித் தட்டுறது? ஒரு நாளு மூஞ்சிய ஒரு மாதிரி காட்டுனாரு." சாமி மேடையில இருந்த கார்டைப் பார்த்துக்கிட்டு, "கார்டு வந்துட்டா எல்லாம் சரியாயிடும்னு நெனைச்சேன்"ன்னாரு.

வெக்கத்துக்காகக் காலைக் குடுப்பியான்னு கத்தினேன். அவர நான் நீ வா போன்னு பேசினது அன்னைக்கு ஒரு தடவதான். நான் அவர் பூட்ஸைக் கழட்டி, அந்த விரலைப் பார்த்தேன். கறுத்திருந்துச்சு. அதுக்கு மேல எனக்குக் கத்தத் தெம்பில்ல, அழுதேன்.

மறுநாள் அவரு வேலைக்குப் போனதும் சாமி மேடையிலேர்ந்து கார்டை எடுத்தேன். சூடம் பட்டு ஓரத்துல கரி ஒட்டியிருந்துச்சு, முந்தானையில தொடைச்சேன். நேரா பேங்க் பக்கத்து தேத்தண்ணிக் கடைக்குப் போனேன், அண்ணன் அங்கதான் உக்காந்திருப்பாரு. ஐநூறு வேணும்னேன். அவரு ஆச்சரியப்படல, ஏன்னு கேக்கவும் இல்ல. முதல் மாச வட்டிய எடுத்துக்கிட்டு நானூத்து அம்பது எண்ணிக் குடுத்தாரு. சட்டைப் பையிலேர்ந்து கட்டை எடுத்து, ரப்பர் பேண்டைத் தளர்த்தி எங்க கார்டை உள்ள சொருகினாரு.

"நம்பர் அதேதானே, தங்கச்சி?"

"அதேதான்ணே."

அன்னைக்குச் சாயங்காலம் அவரு கதவத் தொறந்தப்போ ஐஸ் பெட்டி ஓடிக்கிட்டு இருந்துச்சு. அதப் பார்த்தாரு. அப்புறம் சாமி மேடையில காலித் தட்டைப் பார்த்தாரு. ஐஸ் பெட்டியத் தொறந்து மருந்தை எடுத்து, சட்டையத் தூக்கிக்கிட்டு, வயித்துல ஊசியப் போட்டாரு. நான் பக்கத்துல நின்னு, மருந்து முழுசா எறங்குற வரைக்கும் பார்த்தேன்.