அப்பாவுக்கு நான் எழுதிய மொழி

அப்பா எங்களைப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. திருப்பலிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். "நாலு நல்ல வார்த்தை எழுதி, படத்தப் போடு, போதும்" என்றுதான் அம்மா சொன்னார்கள். அப்பாவைப் பற்றிச் சொல்ல நல்ல வார்த்தைகளுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் என்னைப் பற்றி ஒன்றைச் சொல்லாமல் அவற்றை எழுத எனக்கு யோக்கியதை கிடையாது. படங்களை மட்டும் பார்க்க விரும்புகிறவர்கள் பக்கத்தைத் திருப்பிவிடலாம்.

அப்பா பிறந்தது தூத்துக்குடியில், கடற்கரையை ஒட்டிய ஒரு தெருவில். ஏழு வயதில் தகப்பனை இழந்தார்கள். பள்ளி இறுதி வகுப்பை முடித்த கையோடு, தாய்மாமாவின் கடிதம் ஒன்றை நம்பிப் பூனாவுக்கு ரயில் ஏறினார்கள். தளேகாவில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர் வேலை, சாங்வியில் இரண்டு அறை வீடு. ஓய்வு பெறும்வரை லோக்கல் ரயிலில்தான் போய் வந்தார்கள். இந்தி, மராத்தி, இங்கிலீஷ் மூன்றையும் அந்த ரயிலிலேயே கற்றுக்கொண்டதாகச் சொல்வார்கள்.

ஊரிலிருந்து புதிதாக வருகிறவர்கள் ரேஷன் கார்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஃபாரம் நிரப்ப எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள். சொந்த ஊரைச் சொல்ல யாராவது தயங்கினால் அப்பா பேனாவை மூடிவிடுவார்கள். "பொறந்த ஊரச் சொல்ல வெக்கப்பட்டா நான் எழுத மாட்டேன்யா" என்பார்கள். வந்தவர் அசடு வழிந்தபடி ஊர்ப் பெயரைச் சொன்ன பிறகுதான் பேனா திறக்கும்.

பூனாவில் நாங்கள் மதராசிகள். மதராசுக்கும் எங்கள் ஊருக்கும் ஒரு ராத்திரி ரயில் தூரம் என்பதை யாரும் காதில் வாங்க மாட்டார்கள். விடுமுறைக்குத் தூத்துக்குடி போனால் அங்கே நாங்கள் பம்பாய்க்காரர்கள். அப்பா இரண்டுக்கும் சிரிப்பார்கள். "கூப்புடுறவன் கூப்புடட்டும், நாம யாருன்னு நமக்குத் தெரியும்லா." எனக்குத்தான் அந்தச் சிரிப்பு வரவில்லை. பள்ளியில் பையன்கள் என்னைப் போலப் பேசிக்காட்டி, வேட்டியை மடித்துக் கட்டுவதுபோல நடித்துக் கிண்டலடிப்பார்கள். நான் வேட்டி கட்டியதே கிடையாது.

எங்கள் குடும்பப் பெயர் கோமஸ். தூத்துக்குடிக் கடற்கரையில் இந்தப் பெயரோடு தெருவுக்கு நாலு தமிழர்கள் இருப்பது உங்களுக்குத் தெரியும். பூனாவில் தெரியாது; அங்கே கோமஸ் என்றால் கோவாக்காரர்தான். ஆறாம் வகுப்பில் வேறு பள்ளிக்கு மாறினேன். முதல் நாள் வகுப்பாசிரியை என் பெயரைப் படித்துவிட்டு, "கோவாவா?" என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். பொய் சொல்ல வாயைக்கூடத் திறக்கவில்லை. அன்று முதல் யாரும் என்னை மதராசி என்று கூப்பிடவில்லை. கிதார் வாசிப்பாயா என்று கேட்டார்கள்.

பெற்றோர் கூட்டத்தில் அதே ஆசிரியை, கோவாவில் எந்தப் பக்கம் என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா என்னைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன். "கடற்கரைப் பக்கம், டீச்சர்" என்று இங்கிலீஷில் பதில் சொன்னார்கள். வெளியே வந்ததும் எனக்கு வடாபாவ் வாங்கிக் கொடுத்தார்கள். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அந்தப் பொய் அன்றோடு தொலைந்திருக்கும்.

தொலையவில்லை. கல்லூரியில் கோவா, வேலையிலும் கோவா. நிஜமான கோவாக்காரர் யாராவது கொங்கணியில் ஆரம்பித்தால், வீட்டில் இங்கிலீஷ்தான் என்று நழுவிவிடுவேன். பூனாவிலேயே பாணேரில் வீடு வாங்கி எல்லோரும் குடிபோன பிறகு, அலுவலக நண்பர்கள் வந்திருக்கும்போது அப்பா தமிழில் ஏதாவது சொல்ல வந்தால் கண்ணைக் காட்டுவேன். அப்பா உடனே இங்கிலீஷில் மழையைப் பற்றிப் பேசுவார்கள். எங்கள் கட்டடத்துக்குச் சென்னையிலிருந்து ஒரு குடும்பம் குடிவந்தது. லிஃப்டில் அவர்கள் பேசுவதைக் கேட்டு அப்பாவின் முகம் மலரும். பக்கத்தில் நான் நிற்பது நினைவுக்கு வந்ததும் அப்படியே அடங்கிவிடும். இதையெல்லாம் நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

சென்ற ஆண்டு ஒரு காலையில் அப்பா குளியலறையில் விழுந்துவிட்டார்கள். பக்கவாதம். பல வருடமாக என்னோடு வேலை பார்க்கும் நண்பர்தான் தன் காரில் எங்களை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். அங்கே கொடுத்த படிவத்தில், நோயாளி பேசும் மொழி எது என்று ஒரு கட்டம் இருந்தது. நண்பர் என் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தார். நான் கொங்கணி என்று எழுதினேன். அப்பா உள்ளே உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தார்கள். எனக்கு என் மானம் பெரிதாக இருந்தது.

விழுந்ததில் அப்பாவுக்கு ரயிலில் கற்ற மூன்று மொழிகளும் போய்விட்டன. தமிழ் மட்டும் மிஞ்சியது. தீவிர சிகிச்சைப் பிரிவில் எங்களைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கத்தான் விட்டார்கள். படிவத்தைப் பார்த்து, கொங்கணி தெரிந்த ஓர் ஊழியரைத் தேடிப்பிடித்து அப்பாவிடம் பேச வைத்திருக்கிறார்கள். பாவம், அந்த ஊழியருக்கு ஒன்றும் புரியவில்லை. நோயாளி உளறுகிறார் என்று எங்களிடம் சொன்னார்கள். நானும் நம்பினேன். என் அப்பா என்ன மொழியில் உளறுவார்கள் என்று எனக்கல்லவா தெரிந்திருக்க வேண்டும்?

மூன்றாம் நாள் பணிக்கு வந்த நர்ஸ் நாகர்கோவில்காரர். வெளியே வந்து என்னைத் தேடினார்.

"நீங்கதான் மகனா சார்? ஐயா உளறல. கால் குளிருது, போத்தி விடுங்கன்னு ரெண்டு நாளாச் சொல்லிட்டு இருந்திருக்காங்க. நான் எதுத்த வார்டுலதான் இருந்தேன். தமிழ்னு எழுதியிருந்தா மொத நாளே என்னக் கூப்பிட்டிருப்பாங்களே."

அவர் உள்ளே போய் அப்பாவின் காலைப் போர்த்திவிட்டதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அன்று மாலை அப்பா போய்விட்டார்கள்.

எங்கள் துயரத்தில் தோள் கொடுத்தவர்கள் பலர். மூன்று நாளும் சமைத்துக் கொண்டுவந்த பழைய சாங்வி வீட்டின் பக்கத்து வீட்டு மராத்திக் குடும்பத்துக்கும், அடக்கத்துக்கு எல்லாம் செய்த பங்கு மக்களுக்கும், தூத்துக்குடியிலிருந்து ஓடிவந்த சித்தப்பாவுக்கும் நன்றி. காரில் கொண்டுபோன நண்பருக்கும் நன்றி. அவரிடம் எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டேன். "அட, இதுக்குப் போயா?" என்பதுபோலப் பார்த்தார். அவருக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை.

அந்த நர்ஸம்மாவுக்கு நேரில் நன்றி சொல்லப் போனேன். படிவத்தில் எழுதியது தவறி எழுதியதல்ல, வேண்டுமென்றே எழுதினேன் என்றும் சொன்னேன்.

"நான் ஐயாகிட்டயே கேட்டேன் சார்" என்றார். "ஃபாரத்துல கொங்கணின்னு போட்டிருக்கே, மகன் தப்பா எழுதிட்டாரான்னு. 'இல்ல தாயி, அவன் சரியாத்தான் எழுதியிருக்கான், நாங்க கோவாக்காரங்கதான்'னு சொன்னாங்க. திக்கித் திக்கி, தமிழ்லதான் சொன்னாங்க."