நோராவின் பாதி விண்ணப்பம்

"சார், இந்த புரோகிராம் மெமரியைத் தின்னுட்டே இருக்கு. யாரும் தொடாமலே."

"பசிக்குதோ என்னவோ! பொட்டு வெச்சுக்கற நேரத்துல புரோகிராமைப் படிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும், வீணா."

மேனேஜர் வெங்கடகிருஷ்ணன் பேசுவது இப்படித்தான். தன்னைத் தவிர எல்லோரும் அவருக்கு இளப்பம். அந்த மனிதருக்காக ஒரு பொய்யை ஜோடிக்கும் அளவுக்கு எனக்கு அவர் மேல் மதிப்பில்லை. எனவே நம்புங்கள், இது நடந்தது. 1998 மார்ச், பொம்மனஹள்ளி, ஒரு கார்மென்ட்ஸ் ஆபீஸ். பட்டப்பகல்.

அது லீவு விண்ணப்ப புரோகிராம். வாயால் கேட்டால் லீவு கிடையாது, டைப் செய்துதான் கேட்க வேண்டும். அது அவர் போட்ட சட்டம். அதில் அவருக்கு ஏகப் பெருமை வேறு. வெள்ளிக்கிழமைக்குள் கோளாறு தீராவிட்டால் எனக்கு வேலை இல்லை என்றார்.

இரண்டு மணிக்கு அது தின்ற மெமரி பதினான்கு எம்.பி. இரண்டரைக்கு இருபத்தொன்று. மூன்றுக்கு இருபத்தொன்பது. சரியாக 3.10க்கு மெஷின் உறைந்துவிடும். தினமும்.

திறந்த விண்டோ எதுவோ மூடப்படாமல் மெமரியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று தோன்றியது. திறப்பதையெல்லாம் புரோகிராமையே பட்டியல் எடுக்கச் செய்தேன். வியாழனன்று பட்டியல் வந்தது.

ஒரே விண்ணப்பம். ஐந்து முறை திறந்திருந்தது. ஒருமுறைகூட மூடவில்லை. பெயர் நோரா. அப்படி யாரும் இப்போது ஆபீஸில் இல்லை. ஒவ்வொன்றிலும் முந்தையதைவிட ஓர் எழுத்து அதிகம்.

கடைசியில் இருந்தது: 'சார், நெஞ்சு...' அதற்குள் மெமரி தீர்ந்திருந்தது.

கூடுதல் மெமரி கேட்டேன். சிரித்தார். வெள்ளியன்று அவர் சாப்பிடப் போனபோது, அவருடைய மெஷினிலிருந்தே மெமரியைக் கழற்றி இதில் மாட்டினேன்.

3.10. உறையவில்லை.

டக்... டக்...

கீபோர்டில் யாருடைய கையும் இல்லை.

"என் மெஷின்ல கை வெச்சது யாரு?" கத்திக்கொண்டே வந்தவர் திரையைப் பார்த்தார். நின்றுவிட்டார்.

டீ கொண்டுவந்த வாட்ச்மேன் டொமினிக் சிலுவை போட்டுக்கொண்டார்.

"நோராம்மா... இதே சேர்லதாம்மா. போன மார்ச். நெஞ்சப் புடிச்சுக்கிட்டு வந்து நின்னாங்க. இவரு, நடிக்காதே, போய் டைப் பண்ணிக் கேளுன்னாரு. பாதி அடிக்கறப்பவே சாஞ்சுட்டாங்க, உயிர் போயிடுச்சு. மணி மூணு பத்து."

டக்.

விண்ணப்பத்தின் கடைசி எழுத்து விழுந்தது.

வெங்கடகிருஷ்ணனின் வாய் திறந்தது.

வந்தது பெண் குரல்.

"சார்... நெஞ்சு வலிக்குது. வீட்டுக்குப் போகட்டுமா?"