அல்வின் பொறுக்கிய பித்தளை

விம்மெரா என்னும் கோதுமை விளையும் சீமையில் டார்லக் என்று ஒரு சின்ன ஊர். அந்த ஊர்த் துப்பாக்கிக் கழகத்தில் அல்வின் நோஸ்கேக்கு இருந்த மரியாதை அவர் சுட்டதால் மட்டும் வந்ததல்ல. சுடுவதில் அவரை மிஞ்சியவர்கள் இரண்டொருவர் இருந்தார்கள். பித்தளை பார்ப்பதில்தான் அவருக்கு ஈடு கிடையாது.

தொலைதூரக் குறிக்குச் சுடுகிறவர்கள் கடையில் விற்கும் தோட்டாவை நம்புவதில்லை. வெறும் பித்தளைக் கூட்டை வாங்கி, வெடிமருந்தும் குண்டுமுனையும் தாங்களே வைத்துக்கொள்வார்கள். சுட்டு முடித்த கூட்டை எடுத்துவந்து மறுபடியும் நிரப்புவார்கள். கூடு ஒன்றுபோல் இல்லாவிட்டால் மற்றதெல்லாம் எவ்வளவு சுத்தமாயிருந்தும் குறி தவறும். அதனால் கழகத்தில் யார் புதுச்சரக்கு வாங்கினாலும், பழைய சரக்கு இன்னும் தாங்குமா என்று சந்தேகம் வந்தாலும், பையைத் தூக்கிக்கொண்டு அல்வின் வீட்டுச் சமையலறைக்கு வந்துவிடுவார்கள்.

குழி போட்ட மரத்தட்டில் கூடுகளை வரிசையாக நிற்கவைத்து, ஒவ்வொன்றாக எடுப்பார் அவர். சின்னத் தராசில் எடை பார்ப்பார். கண்ணாடிப் பலகையில் உருட்டிப் பார்ப்பார். நுனி வளைத்த கம்பியை உள்ளே விட்டு, அடிப்பக்கச் சுவரில் பள்ளம் தட்டுகிறதா என்று கண்ணை மூடிக்கொண்டு தடவுவார். பள்ளம் தட்டினால் அந்தக் கூடு அடுத்த வெடியில் இரண்டாகப் பிய்ந்துவிடும். அதைப் பழைய ஜாம் டப்பாவில் போடுவார். தேறியது தட்டிலேயே நிற்கும்.

"பொண்ணு பாக்கப் போனப்பகூட இவ்ளோ நேரம் பாத்திருக்க மாட்ட மச்சான்" என்பார் மெர்வ், அல்வினின் மனைவி கிளெனிஸுக்கு அண்ணன்.

"பாத்திருந்தா உன் தங்கச்சியக் கட்டியிருப்பேனா?"

"காது கேக்குது எனக்கு" என்று அடுப்பங்கரையிலிருந்து குரல் வரும்.

கிளெனிஸ் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவள். சனிக்கிழமைகளில் கழகத்தில் புள்ளி எழுதுவாள்; தேநீர் போடுவாள். துப்பாக்கியைத் தொட்டதில்லை. அறுவடை இயந்திரப் பட்டறையில் வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தபோது அல்வின் சரிந்து விழுந்தாரே, அந்த வருஷம்வரை.

பக்கவாதம். பேச்சுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. இடது கையும் காலும் போயின. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்ததும் அவர் முதலில் கேட்டது துப்பாக்கியைத்தான்.

"சும்மா கெடந்தா துரு ஏறிடும். நீ சுடு."

"நானா? இந்த வயசுலயா?"

"படுத்துக்கிட்டுத்தானே சுடணும். வயசு எதுக்கு?"

அவர் மனம் தேறட்டும் என்றுதான் அவள் பாயில் படுத்தாள். ஆனால் அது அவளுக்கு வந்துவிட்டது. முப்பது பிள்ளைகள் பின்னால் கத்த, நிதானம் தவறாமல் மண்சாலையில் வண்டி ஓட்டிய கை அது. மூச்சும் கையும் அடங்கி நின்றன. காற்றுக்கொடியைப் பார்த்து எப்போது விரலை இழுக்க வேண்டும் என்பது யாரும் சொல்லாமலே தெரிந்தது. அடுத்த பருவத்தில், கழகத்தில் வெற்றி பெற்றவருக்குப் பரிசாகத் தரும் வெள்ளிக் கரண்டியை வாங்கினாள்.

முதலில் அல்வின் நாற்காலி போட்டு அவள் பின்னால் உட்கார்ந்திருந்தார். பிறகு காரிலேயே இருந்துகொண்டு கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார். பிறகு கண்ணாடியையும் இறக்குவதில்லை. அவள் தன் கரண்டியை அலமாரியில் அவருடைய கரண்டிகளுக்குப் பக்கத்தில் வைத்த அன்று, "என்னுதக் கொஞ்சம் தள்ளி வை" என்றார்.

பித்தளை பார்ப்பதை மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. ஒற்றைக் கையால், மதியம் முழுக்க உட்கார்ந்து, அவளுடைய கூடுகளைப் பொறுக்கினார். அதில் அவள் கை வைக்கக் கூடாது. அவளும் வைக்கவில்லை. அந்த மனிதருக்கு மிச்சமிருந்தது அதுதான்.

சாப்பாட்டில்தான் வம்பு செய்தார். ஆட்டிறைச்சியும் மசித்த உருளைக்கிழங்கும் வைத்தால் பாதியை அப்படியே விட்டுவிடுவார்.

"இதுக்கு என்ன கொறச்சல்?"

"சாப்ட்டேனே."

தான் சுடுவதில் அவருக்குள்ள கடுப்பைத் தட்டில் காட்டுகிறார் என்று அவள் எண்ணிக்கொண்டாள்.

இலையுதிர்காலப் பந்தயம் பக்கத்து ஊரில் நடந்தது. கிளெனிஸ் நன்றாகத்தான் தொடங்கினாள். நடுவில் விழுந்துகொண்டிருந்த குண்டுகள் திடீரென்று கீழே இறங்கின, மேலே ஏறின. காற்று மாறவில்லை, அவள் கையும் மாறவில்லை. அடுத்த வெடியில் சூடான புகை பீறிட்டு முகத்தில் அடித்தது. கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது. கூடு பிய்ந்து, முன்பாதி குழாய்க்குள்ளேயே சிக்கிக்கொண்டது.

மெர்வ் ஓடிவந்து அவளைத் தூக்கி உட்காரவைத்தார். கன்னத்தில் ஈரத்துணியை ஒற்றிவிட்டு அவளுடைய தோட்டாப் பெட்டியை எடுத்துப் பார்த்தார்.

"இதப் பாரு கிளெனிஸ். அடிப்பக்கம் பளபளன்னு வளையம் ஓடுது. இதோ இன்னொண்ணு. கம்பியே வேணாம், வெறுங்கண்ணுக்கே தெரியுது." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பெட்டில பாதி இப்படித்தான் இருக்கு. மீதிப் பாதி தங்கம். மச்சானுக்குத் தெரியாம எப்படி..."

அவர் முடிக்கவில்லை. அவள் மனதுக்குள் முடித்துக்கொண்டாள்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில், அறுத்து முடித்த வயல்களுக்கு நடுவே, அவள் காரை ஓரங்கட்டி, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அல்வின் பக்கம் திரும்பினாள்.

"நீ பாத்தியா அந்தக் கூட்டெல்லாம்?"

"பாத்தேன். எல்லாத்தையும் பாத்தேன்."

"பாத்துட்டுத்தான் வச்சியா? கண்ணு போயிருக்கும் எனக்கு. நான் சுடுறது புடிக்கலன்னா வாயத் தொறந்து சொல்லவேண்டியதுதானே, அல்வின்? இப்படியா செய்வாங்க?"

அவர் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். என்ன கேட்கிறாள் என்று விளங்கியதும் முகம் சுண்டியது. அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை. அந்த மௌனத்தையே அவள் ஒப்புதலாக எடுத்துக்கொண்டாள்.

வீட்டில் பேச்சு நின்றது. மாத்திரை கொடுப்பாள், சட்டை மாட்டிவிடுவாள், முகம் வழிப்பாள், பேச மாட்டாள். அவர் தினமும் மரத்தட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். தான் பார்த்தது சரிதான் என்று தனக்கே காட்டிக்கொள்வதுபோல அதே பித்தளையைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்.

கைக்குப் பயிற்சி கொடுக்க ஷரீன் என்ற பெண் வருவாள். ஒருநாள் அவள் சற்று முன்னதாக வந்துவிட்டாள். அல்வின் வேலையாயிருப்பதைப் பார்த்து எதிரே உட்கார்ந்தாள். அவர் கூடுகளை எடுப்பதும் கம்பி விடுவதும் வைப்பதுமாயிருந்தார். கடைசியில், "முடிஞ்சுது" என்று சாய்ந்தார்.

"முழுசாவா?"

"முழுசா."

ஷரீன் தட்டை இரண்டு கையாலும் பிடித்து, மேசைமேலேயே அரைச்சுற்று திருப்பிவைத்தாள். "இப்பப் பாருங்க."

அல்வின் குனிந்தார். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த கிளெனிஸும் திரும்பினாள். அவர் ஒரு கூட்டை எடுத்தார், பிறகு இன்னொன்றை. அதுவரை ஒன்றும் இல்லாத இடத்தில் முளைத்ததுபோலக் கூடுகள் வரிசை வரிசையாக நின்றன.

"இது எங்கேருந்து வந்துச்சு?"

"அங்கயேதான் இருந்துச்சு. உங்க கண்ணுல கோளாறு இல்ல. மூளைதான் இடப்பக்கத்தக் கணக்குலயே எடுத்துக்கல. கொஞ்சமா இருந்தா கூட இருக்கிறவங்களுக்கே தெரியாது. உங்களுக்கு எப்படித் தெரியும்?" கிளெனிஸ் பக்கம் திரும்பிக் கேட்டாள்: "சாப்பாட்டுல இடப்பக்கம் மிச்சம் வைக்கிறாரா?"

கிளெனிஸ் ஈரக்கையோடு நின்றாள்.

ஷரீன் போனபிறகு அவள் அவருக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"மன்னிச்சுடு. எனக்குத் தெரியல."

"எனக்குந்தான் தெரியல." கூட்டை விரலால் உருட்டிக்கொண்டிருந்தார். "பொறாம இருந்துச்சு கிளெனிஸ். இல்லங்கல. நீ படுத்துக்கிட்டிருந்த எடத்துல நான் படுக்கணும்னு வயிறு எரிஞ்சுது. ஆனா அத பித்தளைலயா காட்டுவேன்? உன் மூஞ்சிக்கு நேர வெடிக்கிற பித்தளைலயா? இத்தன வருஷம் என்கூட இருந்துட்டு, அப்படி நெனச்சுட்டியே."

"கோவத்துல..."

"தெரியும். கோவத்துலதான். ஆனா நெனச்சுட்டியே."

தட்டைத் திருப்பித் திருப்பி வைத்து இருவரும் சேர்ந்தே பார்க்கலாம் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். மெர்வும் வேண்டுமென்றே தன் சரக்கைக் கொண்டுவந்து, "நீ பாத்தாத்தான் மச்சான் எனக்கு நிம்மதி" என்றார். அல்வின் பையை வலக்கையால் அவர் பக்கமே நகர்த்தினார். கம்பியையும் தராசையும் துடைத்து அலமாரியில் வைக்கச் சொன்னார். அவள்மேல் கோபமாக இல்லை. சாப்பாட்டுத் தட்டை அவள் திருப்பிவைத்தால் நன்றி சொல்லிவிட்டு மீதியையும் சாப்பிட்டார். வெளியார் வீட்டில் விருந்துக்கு வந்தவர்போல ஒவ்வொன்றுக்கும் நன்றி சொன்னார். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

கோதுமை முளைவிட்டிருந்த குளிரில் பக்கவாதம் இரண்டாவது முறை வந்தது. தூக்கத்திலேயே போய்விட்டார்.

கிளெனிஸ் அடுத்த பருவம் மைதானத்துக்குப் போகவில்லை. அதற்கடுத்த பருவம் போனாள். மெர்வ் வீட்டு வாசலில் வந்து நின்றுகொண்டு நகர மறுத்ததால் போனாள். இப்போதும் சனிக்கிழமைகளில் சுடுகிறாள், நன்றாகவே சுடுகிறாள். பித்தளையைத் தானே பொறுக்குகிறாள். புதிதாகச் சேர்ந்தவர்கள் யாராவது, "அக்கா, எங்களதும் கொஞ்சம் பாத்துக் குடுங்களேன்" என்று கேட்டால், "எனக்கு அது தெரியாது" என்று சொல்லிவிடுகிறாள். தலைக்கனம் பிடித்தவள் என்று கழகத்தில் பேசிக்கொள்கிறார்கள். மெர்வும் அவர்களைத் திருத்துவதில்லை.