வாப்பாவின் ஆறரை மணி

எங்கள் பள்ளி நூலகத்தில் இருந்த ஒரே துப்பறியும் நாவலை நானும் கனகாவும் மாறி மாறி எடுத்து, கடைசியில் அதை எங்கள் சொத்தாகவே ஆக்கிக்கொண்டோம். அதில் இரண்டு சிநேகிதிகள். பழைய கலங்கரை விளக்கத்தின் படிகளில் பின்னோக்கி நடந்து இறங்கினால் நேற்றைக்குப் போய்விடலாம் என்று கண்டுபிடிக்கிறார்கள். ஒருத்தி காணாமல் போனதும் மற்றவள் நேற்றைக்குப் போய் அவளைத் தடுத்துவிடுகிறாள். முந்தின காலத்தில் இருப்பவரால்தான் நடந்ததை நிறுத்த முடியும் என்பது அந்த நாவலின் சட்டம்.

சாயல்குடிப் பக்கம் கடலோர ஊர் எங்களுடையது. கனகாவின் அப்பா அரசு வேலைக்காக அங்கே குடிவந்தவர். எங்கள் தெருவில் என் வயதுப் பெண் பிள்ளை அவள் ஒருத்திதான்.

நாவலைப் படித்த பிறகு எங்களுக்கும் ஒரு மர்மம் தேவைப்பட்டது. என் வாப்பா அகப்பட்டார். நான் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது துபாய் மளிகைக் கடைக்கு வேலைக்குப் போனவர், நான் நான்காம் வகுப்புக்கு வந்தும் ஊர் திரும்பவில்லை. நமக்கு எட்டு மணி என்றால் அவருக்கு ஆறரை. அது முதல் தடயம். ஊருக்கு வந்த ஒருவரிடம் பெருநாளுக்கு அவர் கொடுத்தனுப்பிய கவுன் இரண்டாவது தடயம். அது என் முழங்காலுக்கு மேலேயே நின்றுவிட்டது, முதுகில் பொத்தான் எட்டவில்லை.

கனகா என்னைச் சுற்றி வந்து பார்த்துத் தீர்ப்புச் சொன்னாள். “உங்க வாப்பா இருக்குற எடத்துல நீ இன்னும் ரெண்டாப்புதான்டி படிக்கிற.”

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. வாப்பா முந்தின காலத்தில் இருக்கிறார்! அதை யாரிடமும் சொல்வதில்லை என்று சத்தியம் செய்துகொண்டோம்.

அடுத்த மாதமே அவள் அப்பாவுக்கு ஓசூருக்கு மாற்றல் வந்தது. வழியனுப்ப அந்தக் கவுனையே இழுத்துப் பிடித்துப் போட்டுக்கொண்டு போனேன். இருப்பதில் புதுசு அதுதான். சாமான் ஏற்றிய வேன் எட்டு மணிக்குத் தெருமுனை திரும்பியது. நான் அழவில்லை. வீட்டுக்கு ஓடி உம்மாவின் போனில் வாப்பாவை வீடியோவில் கூப்பிட்டேன்.

“வாப்பா, அங்கன ஆறரைதானே? கனகா இன்னும் கெளம்பியிருக்க மாட்டா. நீங்க போய் நிப்பாட்டுங்க!”

அவர் சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினார். தடயங்களை ஒவ்வொன்றாகச் சொன்னேன். கவுனைச் சொன்னபோது, “போனை உம்மாட்ட குடும்மா. நீ தள்ளிப் போய் நில்லு, வாப்பா பாக்கணும்” என்றார்.

அதுவரை போனில் என் முகத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். சுவரோரம் போய் நின்றேன். உம்மா போனைப் பிடித்தாள். தலையிலிருந்து கால்வரை நெடுநேரம் பார்த்தார்.

“இம்புட்டு வளந்துட்டியாம்மா” என்றார். பிறகு அவர் முகம் திரையிலிருந்து விலகியது. அந்த ஊர் மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. உம்மா வேறு பக்கம் திரும்பி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

வேனை நிறுத்தத்தான் வாப்பா ஓடுகிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. மதியம்வரை வாசலில் தெருமுனையைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். வேன் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் பக்கத்து இடம் காலியாகவே கிடந்தது. நாவலைத் திரும்பக் கொடுத்துவிட்டேன். தனியாகப் படிக்கப் பிடிக்கவில்லை.

அடுத்த பெருநாளுக்கு வந்த கவுன் தரையில் புரண்டது. கைகள் அதற்குள் காணாமல் போயின. “இதுக்கு நீ இன்னும் ரெண்டு வருசம் வளரணும்டி” என்று உம்மா அதை மடித்துப் பெட்டியில் வைத்தாள்.

வாப்பா இப்போது எங்களையெல்லாம் தாண்டி, வரப்போகிற காலத்துக்குப் போய்விட்டார் என்று நினைத்தேன். இதைச் சொல்லக் கனகா இல்லையே என்றுதான் அன்றைக்கு அழுதேன்.