சிலாபத்தில் அச்சான நட்சத்திரங்கள்

அந்தச் சினிமாச் சஞ்சிகையின் வரலாற்றை நான் எழுதுவதற்கு ஒரே காரணம், நான் எழுதாவிட்டால் முதலாளி எழுதிவிடுவார் என்பதுதான். அவர் எழுதவும் மாட்டார். என்னைப் போல ஒருத்தியைப் பிடித்து எழுதுவித்து, மேலே தன் பெயரைப் போட்டுக்கொள்வார். இப்போதே அவருடைய முகநூல் பக்கத்தில் 'இலங்கைத் தமிழ்க் கலையுலகின் கண்ணாடி' என்று ஒரு வரி கிடக்கிறது. அதுவும் நான் எழுதியதுதான், ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் விளம்பரத்துக்காக.

முதலாளி சிலாபத்தில் படக் கசெட்டுகளை வாடகைக்குக் கொடுத்தவர். கசெட் போய் சீடி வந்தது. சீடியும் போய்ச் சனங்கள் தொலைபேசியிலேயே படம் பார்க்கத் தொடங்கியபோது, அவரிடம் மிஞ்சியது ஓர் அலுமாரி நிறைய நடிகைகளின் சிரிப்பு. அந்த நேரத்தில் சண்டை முடிந்து வடக்குப் பாதையும் திறந்தது. அங்குள்ள சனம் இத்தனை வருடமாக நல்ல வண்ணப்படம் ஒன்றைக் காணாமல் காய்ந்துபோய்க் கிடக்கும் என்று அவருக்குத் தோன்றியது. முகாம்களிலிருந்து வெளியே வந்தவர்கள் காணாமல்போன பிள்ளைகளைத் தேடி அலைந்த காலத்தில், அவர்களுக்கு நடுப்பக்க நடிகையைக் கொண்டுபோய்க் கொடுத்த மனிதர் அவர். விற்றது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். நன்றாகவே விற்றது.

நான் உடப்பு என்ற மீன்பிடி ஊரிலிருந்து பஸ்ஸில் போய் வந்தேன். அப்பா கரைவலை இழுப்பவர். வலை அவருடையதல்ல, கயிற்றைப் பிடிக்கும் கை மட்டும்தான் அவருடையது. எங்கள் வீட்டில் முதன்முதலாக எழுத்துக் கூட்டிப் படித்தவள் நான். உயர்தரம் சித்தியடைந்து, வெளிவாரிப் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தேன். 'துணை ஆசிரியர் தேவை' என்ற விளம்பரத்தைக் கண்டு போனேன். கொப்பராக் கடைக்கு மேலே ஓர் அறை, ஒரு கணினி, இரண்டு கதிரை. துணைக்கு ஆசிரியர் என்று அங்கே எவரும் இருக்கவில்லை.

வேலை இதுதான். கொழும்பிலிருந்து ரயிலில் இந்தியச் சஞ்சிகைகள் வரும். அவற்றிலிருந்து கட்டுரைகளை எடுத்து நான் திரும்பவும் தட்டச்சுச் செய்வேன். அவர்கள் 'நாற்காலி' என்று எழுதியிருந்ததை 'கதிரை' ஆக்கினால் அது எங்கள் ஆக்கமாகிவிடும். கொஞ்சக் காலத்தில் முதலாளிக்கு அந்தச் செலவுக்கும் மனம் வராமல் போயிற்று. சஞ்சிகை வாங்குவதை நிறுத்திவிட்டு, கிசுகிசுவை இங்கேயே உற்பத்தி செய்யலாம் என்றார்.

"தங்கச்சி, இந்த மாசம் ஒரு சோடியப் பிரிச்சு விடு. ஒரு சோடியச் சேத்து வை."

"யாரப் பிரிக்கிறது அண்ணே?"

"போன மாசம் சேத்து வெச்சவங்களத்தான். வேற யாரு?"

அதற்குப் பிறகு உள்ளூர் நட்சத்திரங்களின் காலம் வந்தது. காசு கொடுத்தால் எவனும் அட்டையில் வரலாம். ஒரே ஒரு பாட்டைப் பாடி அதற்குக் கடற்கரையில் படம் பிடித்த பொடியன் ஒருவன், கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே எங்கள் இருட்டுப் படியில் ஏறி வந்து, நெற்றியைக் கதவு நிலையில் மோதிக்கொண்டான். அந்த வீக்கத்தோடுதான் பேட்டி கொடுத்தான். தன் ரசிகர்களின் தொல்லை தாங்க முடியவில்லை என்றான். அவனோடு வந்த ரசிகர் அவனுடைய மச்சான் மட்டும்தான்.

இவை எல்லாவற்றிலும் கீழானது 'நடிகை பதில்கள்' பக்கம். அப்போது எல்லாச் சுவர்களிலும் ஒட்டப்பட்டிருந்த இந்திய நடிகை ஒருத்தி எங்கள் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்வதாக அந்தப் பக்கம். நான்தான் அந்த நடிகை. வழக்குப் போடமாட்டாளா என்று தொடக்கத்தில் கேட்டேன்.

"அவவுக்குத் தமிழ் வாசிக்கவே தெரியாது. பயப்படாத," என்றார் முதலாளி.

மட்டக்களப்பிலிருந்தும் மன்னாரிலிருந்தும் மலைநாட்டிலிருந்தும் கடிதங்கள் வந்தன. என்ன கிறீம் பூசுகிறீர்கள், என்னைக் கலியாணம் செய்வீர்களா, எங்கள் ஊருக்கு எப்போது வருவீர்கள். படிக்காதவர்கள்தான் எழுதினார்கள் என்று நினைக்க வேண்டாம். பள்ளிக்கூடத்துக் கடதாசியில், ஆசிரியருடைய அழகான கையெழுத்தில், காதல் கடிதங்கள் வந்தன. கொப்பரா மணத்துக்குள் இருந்துகொண்டு நான் அவர்களுக்கு அன்பு முத்தங்கள் அனுப்பினேன். அந்த ஆசிரியர்களிடம் படிக்கும் பிள்ளைகளை நினைத்தால்தான் எனக்குக் கவலையாக இருந்தது.

ஊரில் எல்லோருக்கும் நான் சஞ்சிகையில் வேலை செய்வது தெரியும். சஞ்சிகை வந்தால் வாசிக்கத் தெரிந்தவர்கள் புரட்டிப் பார்ப்பார்கள். என் பெயர் எங்கேயும் இருக்காது. வலை இழுக்கிற இடத்தில் அப்பாவைச் சும்மா விடமாட்டார்கள்.

"என்ன அண்ணே, ஒங்கட மகள் அங்க தேத்தண்ணி ஊத்துறாவாமே?"

அப்பா கேட்டுக்கொண்டே கயிற்றை இழுப்பார். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் சோற்றுக் கோப்பையைப் பார்த்தபடியே என்னிடம் கேட்டார். "ஒரு துண்டாவது உன்ட பேர்ல போட மாட்டாங்களா புள்ள?"

என் படிப்புக்காக அவர் செய்ததையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அவர் என்னிடம் கேட்டது அது ஒன்றைத்தான். மறுநாளே முதலாளியிடம் போய், என் பெயரில் ஒரு பக்கம் வேண்டும் என்றேன். தலையாட்டினார்.

கரைவலைப் பாட்டைப் பற்றி எழுதினேன். எங்கள் கரையில் வலை இழுக்கும்போது ஒருவர் அடியெடுத்துப் பாட, மற்றவர்கள் 'ஏலேலோ' என்று கயிற்றை இழுப்பார்கள். அதை அம்பா என்போம். அடியெடுப்பவர் அன்றன்றைக்கு வாய்க்கு வந்ததைப் பாடுவார். வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியின் கஞ்சத்தனம், புது மாப்பிள்ளையின் சோம்பல், மீன் பேரம் பேச வந்து வெயிலில் நிற்கிற சிலாபத்து வியாபாரி, எல்லோரும் பாட்டுக்குள் வந்துவிடுவார்கள். கரையில் நின்றால் தப்ப முடியாது. எழுதி முடித்தபோது, அந்தச் சஞ்சிகையில் வந்தவற்றிலேயே உண்மையான பக்கம் அதுதான் என்று எனக்குத் தெரிந்தது.

இதழ் வந்தது. என் கட்டுரை இருந்தது. தலைப்பு மட்டும் 'எனக்குப் பிடித்த உடப்புக் கடற்கரை' என்று மாறியிருந்தது. கீழே அந்த நடிகையின் பெயர். பக்கத்தில் அவள் வேறெங்கோ ஒரு கடற்கரையில் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு நிற்கிற படம்.

முதலாளிக்கு முகத்தில் ஒரு கூச்சமும் இல்லை. "உன்ட பேர் போட்டா உங்கட வீட்டு ஆக்கள்தான் தேடி வாசிப்பாங்க," என்றார். "அவங்களுக்கும் வாசிக்கத் தெரியாதே."

நான் ஒரு பிரதியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். பதில் சொல்லும் தரத்தில் அவர் இருக்கவில்லை.

ஊருக்குப் போனால் அங்கே திருவிழாக் கோலம். நடிகைக்கு எங்கள் ஊரைத் தெரியுமாம். எங்கள் பாட்டை அவள் கேட்டிருக்கிறாளாம். எங்கே கேட்டாள், எப்போது வந்தாள் என்று ஒருவருக்கும் யோசனை இல்லை. அப்பா இழுக்கும் வலையில் அடியெடுக்கும் மாமா அவளைப் பாட்டுக்குள் சேர்த்துவிட்டார். அவள் வந்து கயிறு பிடிப்பதாகவும் உள்ளங்கை சிவந்துபோவதாகவும் பாட, ஆட்கள் என்றைக்கும் இல்லாத உற்சாகத்தோடு இழுத்தார்கள். வலை கரையேறிய பிறகு நான் அவர்களிடம் போனேன்.

"அத எழுதினது நான்."

கரையே சிரித்தது.

"ஓமோம்," என்றார் மாமா. "நாளைக்கு அவவுக்கு முகம் கழுவி விட்டதும் நான்தான் எண்டு சொல்லுவாய்."

"மாமா, வியாபாரி வெயில்ல நிக்கிற பாட்டு அதில இருக்கு. அத அண்டைக்கு நீங்கதானே என்னட்ட சொன்னீங்க?"

"அப்ப நீதான் அவவுக்குச் சொல்லிக் குடுத்திருக்கிறாய். நல்லம், நல்லம். எழுதினது அவதானே?"

அப்பாவைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. ஆனால் என்னைப் பார்க்கவுமில்லை, குனிந்து கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தார். அவரும் நம்பவில்லை. சஞ்சிகையைக் கையில் கொடுத்தாலும் அவருக்கு அது வெறும் கறுப்பு வரிகளும் ஒரு பெண்ணின் படமும்தான். மகள் பொய் சொல்லிப் பெயர் வாங்கப் பார்க்கிறாள் என்று வெட்கப்படுகிறார் என்பது எனக்குப் புரிந்தது. முதலாளி செய்ததை நான் பொறுத்திருப்பேன். இதைப் பொறுக்க முடியவில்லை.

அடுத்த வாரம் அலுவலகத்துக்கு உடப்பிலிருந்து ஒரு கடிதம் வந்தது. மாமா சொல்ல யாரோ எழுதியது. அம்மன் கோயில் திருவிழாவுக்கு, தீமிதிப்பு அன்று, நடிகை கட்டாயம் வர வேண்டும். அவளுக்கென்று முன்வரிசையில் தனிக் கதிரை போடப்படும். விரத நாட்களில் ஊருக்குள் மீன் சமைப்பதில்லை, அதை மட்டும் அவள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த இதழின் 'நடிகை பதில்கள்' பக்கத்தில் நடிகை பதில் எழுதினாள். அழைப்புக்கு நன்றி சொன்னாள். உங்கள் கரையை நான் கண்டதில்லை, உங்கள் பாட்டைக் கேட்டதுமில்லை, அந்தக் கட்டுரையை நான் எழுதவில்லை என்றாள். எழுதியவள் உங்கள் ஊரில் வலை இழுக்கும் ஒருவரின் மகள் என்று சொல்லி, என் முழுப் பெயரையும் அப்பாவின் பெயரையும் எழுதினாள். அந்தப் பெண் என்னைவிட நன்றாக எழுதுகிறாள் என்றும் சேர்த்துக்கொண்டாள். அது உண்மை என்பதால் எழுத எனக்குத் தயக்கம் இருக்கவில்லை.

யாரும் தடுக்கவில்லை. முதலாளி தன் சஞ்சிகையை ஒருநாளும் வாசித்ததில்லை, விளம்பரங்களை மட்டும் எண்ணுவார். அச்சுக்காரர் சிங்களவர். சிவப்பு சிவப்பாக வருகிறதா என்பதுதான் அவருடைய கவலை.

இதழ் ஊருக்குப் போய்ச் சேர்ந்த அன்றே மாமா எங்கள் வீட்டு வாசலில் நின்றார்.

"எழுதினது நீதானாமே! ஏன் புள்ள எங்களுக்குச் சொல்லயில்ல?"

"சொன்னன் மாமா. சிரிச்சீங்க."

"நீ சொன்னா எப்பிடி நம்புறது? இப்ப அவவே சொல்லிட்டாவே!"

இதுதான் எங்கள் சனம். நான் வாயால் சொன்னது பொய். நான் நடிகையாகிச் சொன்னது சத்தியம். தான் எழுதவில்லை என்று அவள் ஒப்புக்கொண்ட பெருந்தன்மையை ஊரே புகழ்ந்தது. அந்தப் பதிலை யார் எழுதியது என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. நானும் சொல்லவில்லை.

முதலாளி கோபிப்பார் என்றுதான் நினைத்துப் போனேன். உடப்பிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் இதழ் தீர்ந்துபோயிருந்ததால் அவர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"நல்ல ஐடியா தங்கச்சி. அடுத்த மாசம் மன்னார்ல ஒருத்தியப் புகழ்ந்து விடு. பிறகு மூதூர். ஊருக்கு ஒண்டு."

குடையை எடுத்துக்கொண்டு ஒரேயடியாகப் படியிறங்கினேன். எனக்குப் பிறகு வந்தவள் ஊருக்கு ஒருத்தியாகப் புகழ்ந்திருப்பாள் போலும். புகழ்ந்தால் இதழ் வாங்கும் ஊர்கள் தீர்ந்ததும் சஞ்சிகையும் நின்றது. தாளில் இருந்த குப்பை தொலைபேசிக்குள் போயிற்று. அந்தச் சஞ்சிகையின் வரலாறு அவ்வளவுதான்.

வேலையை விட்ட மறுநாள் காலை கடற்கரைக்குப் போனேன். வலை பாதி தூரம் வந்திருந்தது. மாமா அடியெடுத்தார். முதல் அடியில் என் பெயர். நடிகையின் பெயர் அதற்கடுத்த அடியில்தான் வந்தது. எல்லோரும் ஏலேலோ போட்டார்கள், அப்பாவின் குரல் மற்றவர்களுடையதைவிடப் பெரிதாகக் கேட்டது. வலை ஏறிய பிறகு அவர் கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"என்னை ஏன் முதல்ல பாடினாங்க அப்பா?" என்று கேட்டேன். ஏதோ பெருமையான பதிலைத்தான் எதிர்பார்த்தேன்.

"உன்ட பேர் சின்னன்," என்றார். "ஒரே இழுவையில முடிஞ்சிரும். அவட பேர் நீட்டு, கயிறு வழுக்குது."