சுமதியின் பசி

அடுப்பில் இறால் தொக்கு சுண்டுகிற வாசனை... இன்றும் எங்கேயாவது அது மூக்கில் ஏறினால் எனக்கு லாக்டவுன் ஞாபகம்தான் வரும்.

எங்கள் ஊர் பசியாவரம். அம்மா பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, ஏரித் தண்ணீரில் உட்கார்ந்து, சேற்றைத் துழாவிக் கையாலேயே இறால் பிடிப்பாள். பெரிசெல்லாம் வியாபாரிக்கு, பொடிசு எங்களுக்கு. லாக்டவுனில் வியாபாரி வரவில்லை. அப்போதுதான் பெரிய இறால் எங்கள் வீட்டுச் சட்டியில் விழுந்தது.

சாப்பிடத்தான் ஆளில்லை.

என் தங்கச்சி சுமதி மெட்ராஸ் காலேஜில் கபடி டீம். லீவுக்கு வந்தால் காலையில் மணலில் ஓடிவிட்டு வந்து ஒரு சட்டி சோற்றைத் தனியாகக் காலி செய்வாள். "வவுறாடி அது, இல்ல படகா?" என்று கிண்டல் செய்வேன்.

ஹாஸ்டலை மூடியதும் ஜுரத்தோடு வந்தாள். பின்கட்டு அறையில் தனியாக வைத்தோம். சோற்றுத் தட்டைக் கதவோரம் வைத்துவிட்டு வருவோம். ஜுரம் விட்ட பிறகும் தட்டு அப்படியே கிடந்தது...

"ஹாஸ்டல் சோறு தின்னவளுக்கு என் கை புடிக்கல போலக்குது" என்று அம்மா மூக்கைச் சிந்தினாள். அவளும் சரியாகச் சாப்பிடவில்லை.

நான் ஜன்னல் பக்கம் போய்க் கேட்டேன். "இன்னாடி ஆச்சு உனுக்கு?"

"ஓடாத ஒடம்புக்கு எங்கக்கா பசி எடுக்கும்? மேட்ச்சும் இல்ல, ஒண்ணும் இல்ல. செவுத்தயே பாத்துனு கீறேன்."

நைனாவிடம் சொன்னேன். அவர் வலைக்கயிற்றில் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தார். "உள்ளயே கயிறு தாண்டிக் குதிக்கட்டும்மா."

ஜன்னல் வழியாகப் போட்டேன். அன்று சாயங்காலமே தொப் தொப்பென்று சத்தம் கேட்டது. சில நாளில் உள்ளேயிருந்து குரலும் வந்தது. "அம்மா, இன்னும் கொஞ்சம் சோறு கீதா?"

அம்மா அழுதுகொண்டேதான் போட்டாள்.

தனிமைக் கெடு முடிந்து கதவைத் திறந்ததும் சுமதி நேராக மணலுக்குத்தான் ஓடினாள். ஆனால் காலேஜ் திறக்கவில்லை. கபடி செலக்‌ஷன் தள்ளிப் போனது, அப்புறம் அந்தப் பேச்சே இல்லை. இதற்குள் ஆரம்பாக்கத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. கூட்டம் கூடாத நேரம், சுருக்கமாக முடித்துவிடலாம் என்றார்கள். அவள் வேண்டாம் என்றுதான் சொன்னாள். யார் காதில் விழுந்தது...

கட்டிக்கொடுத்த இடத்தில் நல்ல மனுஷர்கள்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் அங்கே மருமகள் தெருவில் ஓடுகிற வழக்கம் இல்லை. லாக்டவுனில் அடைத்து வைத்தபோதாவது கெடு முடிந்ததும் கதவைத் திறந்துவிட்டோம். இதை நினைத்தால் எனக்கு மனசு ஆறவில்லை.

போன மாதம் அம்மாவும் நானும் போயிருந்தோம். இலை போட்டு, மீன் குழம்பு ஊற்றி, அன்பாகத்தான் கவனித்தார்கள். பரிமாறிக்கொண்டே மாமியார் பெருமையாகச் சொன்னார். "எங்க மருமவளுக்கு வவுறு சின்னது சம்பந்தி. ஒரு கைப்புடி சோறு போதும் அதுக்கு."

சுமதி தலையைக் குனிந்து சிரித்தாள். அம்மா வாய்க்குக் கொண்டுபோன சோற்றை இலையிலேயே வைத்துவிட்டாள்.